இரண்டாம் பிரிவுக்கு உயர்த்தப்பட்டவர்கள்

நாஞ்சில் வட்டாரத் தொழில்முறைக் கால்பந்து லீக், மூன்றாம் பிரிவு, தனக்கு ஒரு வரலாறு வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தபோது அதற்கு வயது ஒன்பது. நிர்வாகிகள் அறுபத்தொரு பேர். கிளப்புகள் எட்டு. பத்தாம் ஆண்டு விழாவுக்கு மலர் போட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். தலைவர் கிருஷ்ணமணி ஒத்துக்கொள்ளவில்லை. மலர் என்றால் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவான், வரலாறு என்றால் படிக்காவிட்டாலும் பயபக்தியோடு அலமாரியில் வைப்பான் என்பது அவர் கணிப்பு. நாகர்கோவிலில் இரண்டு கல்யாண மண்டபம் நடத்துகிறவருக்கு மனிதர்களைப் பற்றித் தெரியாதா என்ன?

வரலாறு எழுத ஆள் தேடியபோது அகப்பட்டவர் அருமனை ரசலையன். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆண்டும் பெயரும் பிசகினால் அவருக்கு அன்று சோறு இறங்காது. கால்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பந்து வலைக்குள் போயிற்றா இல்லையா என்பதில் பொய் சொல்ல முடியாது. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளை நடத்தி நடத்தி அலுத்துப்போன மனிதருக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொள்கிறோம் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

லீக் அலுவலகம் கல்யாண மண்டபத்தின் மாடியில், மணமகன் அறைக்கு அடுத்த அறை. அறுபத்தொரு நாற்காலி, சுவர் முழுக்கப் பொன்னாடை போர்த்திய படங்கள், கண்ணாடி அலமாரியில் கேடயங்கள். பந்து மட்டும் கண்ணில் படவில்லை. ரசலையன் அதைக் கேட்டே விட்டார்.

“பந்து கிரவுண்டுல கெடக்கும் சாரே. இது நிர்வாகமாக்கும்,” என்றார் செயலாளர் ஜெபதாஸ். திருவட்டாற்றுக்காரர். சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருந்தார்.

“மூணாம் பிரிவுன்னு போட்டிருக்கே. ஒண்ணாவதும் ரெண்டாவதும் எங்க நடக்குது?”

“நடக்கல்ல. எடுத்த எடுப்புல மொதல் பிரிவு தொடங்கினா ஆணவம்னு சொல்லுவாங்க. அதான் மூணாவதுல தொடங்கினோம். ஒரு தாழ்மை.”

“தொழில்முறைன்னா பந்து களிக்கியவங்களுக்குச் சம்பளம் உண்டா?”

“ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு முட்டையும் ரெண்டு ஏத்தன்பழமும். ஆனா நிர்வாகிகளப் பாருங்க, வக்கீலு, காண்டிராக்டரு, பல் டாக்டரு. எல்லாரும் தொழில் செய்யவங்க. பின்ன தொழில்முறை இல்லாம என்னவாக்கும்?”

ரசலையன் அதையும் குறித்துக்கொண்டார். சரித்திர ஆசிரியன் முதலில் குறிக்க வேண்டும், பிறகுதான் வயிறெரிய வேண்டும்.

நடவடிக்கைப் புத்தகங்கள் பதினான்கு இருந்தன. சாக்கில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு அருமனை பஸ்ஸில் போனார். ஒரு மாதம் படித்தார். பொன்னாடையை இடத்தோளிலிருந்து போர்த்துவதா வலத்தோளிலிருந்தா என்ற விவாதம் ஏழு பக்கம். துணைத்தலைவர்கள் பதினெட்டுப் பேரும் மேடையில் உட்காரும் வரிசை, ஆண்டுதோறும் திருத்தங்களோடு, ஒரு தனிப் புத்தகம். ஊரெல்லாம் நோய்த்தொற்றுக்குப் பயந்து அடைந்து கிடந்த வருஷம் உலகத்தில் எல்லா விளையாட்டும் நின்றபோது, இந்த லீக் மட்டும் தடையின்றி நடந்திருக்கிறது: காணொலியில் பதினேழு பொதுக்குழு, சீட்டுக் குலுக்கி ஒரு சாம்பியன். ஆட்டத்தைப் பற்றி அவர் கண்டுபிடித்தது மொத்தம் பதினொரு வரி. அதில் ஒன்று, “இறுதி ஆட்டம் நடைபெற்றபோதிலும் தலைவர் உரை குறித்த நேரத்தில் நிறைவேறியது.”

சாம்பியன்களின் பெயர்ப்பட்டியல் மட்டும் ஒழுங்காக இருந்தது. அதை ஆண்டுவாரியாக எடுத்து எழுதும்போதுதான் அவர் பேனா நின்றது. ஒரு வருஷம் ஜெயித்த கிளப் அடுத்த வருஷம் ஆடிய கிளப்புகளின் பட்டியலிலேயே இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஒன்பது சாம்பியன்கள், ஒன்பது பேரும் ஜெயித்த கையோடு பூண்டற்றுப் போயிருந்தார்கள். சரித்திரத்தில் தோற்றவன் காணாமல் போவதுதான் வழக்கம். ஜெயித்தவன் காணாமல் போகிற ராஜ்யத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

“அதுல என்ன மாயம்?” என்றார் ஜெபதாஸ். “விதி பதினாலு. சாம்பியன் கிளப் ரெண்டாம் பிரிவுக்கு உயர்த்தப்படும். உயர்த்தியாச்சு.”

“ரெண்டாம் பிரிவுதான் இல்லையே?”

“ரெண்டாம் பிரிவுச் செயலாளர் பதவிக்கு நாப்பத்து மூணு பேர் மனு கொடுத்திருக்காங்க. அது முடிவாவாம எப்பிடித் தொடங்க?”

“அப்ப அந்த ஒம்பது கிளப்பும் எங்க களிக்கும்?”

“களிக்கவேண்டாம். உயர்ந்துட்டாங்கல்லா? அவங்களுக்கு என்ன கொறை?” ஜெபதாஸ் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

மேலே போனவன் கீழே வர வழியுண்டா என்று பார்த்தார் ரசலையன். உண்டு. இரண்டாம் பிரிவில் கடைசி இடம் பிடித்தால் மூன்றாம் பிரிவுக்கு இறக்கப்படுவான். அதற்கு இரண்டாம் பிரிவில் ஆட வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு அவர் ஒரு சுக்குக்காப்பி குடித்தார்.

உயர்ந்தவர்களில் ஒருவரையாவது நேரில் பார்த்துவிடலாம் என்று கொன்னைத்துறைக்குப் போனார். மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவக் கிராமம். அங்கே சூசையப்பர் கால்பந்துக் கழகம் மூன்று வருஷத்துக்கு முன் சாம்பியன். கோல் போட்டவன் பெயர் பெனின். வீட்டைக் கேட்டபோது வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் முகம் கொடுக்காமல், “ஊருக் களியையே ஒத்த ஒதையில முடிச்சானே, அவனையா?” என்று கேட்டுவிட்டு வழி சொன்னார்.

பெனினுக்கு இருபத்தொன்பது வயது. ஒல்லியான ஆள், கெண்டைக்கால் மட்டும் தனியாகச் செய்து பொருத்தியதுபோல இருந்தது. வேறொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறான். அவன் அம்மா வியாகுலம்மாள் மீன் கடவத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அறுபத்திரண்டு வயதில் இன்னும் தலையில் சுமந்து விற்கிறவள்.

“மொத மூணு வருசம் ஆருக்கும் மனசிலாவல்ல சாரே,” என்றான் பெனின். “ஜெயிச்சா வீட்டுல இருக்கணும்னு பெறவுதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு கிளப்பும் ஜெயிக்க மாட்டான். எல்லாவனும் தோக்கப் பயிற்சி எடுத்தான். எங்க பைனல்ல அஞ்சுகிராமத்துக்காரனுவ அவனுவ கோலுக்கே அடிக்கப் பாத்தானுவ. நாங்க ஓடிப் போயி அவனுவ கோல மறிச்சோம். நாங்க எங்க கோலுக்கு அடிக்க வந்தோம், அவனுவ வந்து மறிச்சானுவ. எம்பத்து நாலு நிமிசம் அப்பிடிப் போச்சு.”

“ஆள்க்கூட்டம்?”

“மூவாயிரம் பேரு இருக்கும். கைதட்டுகதா கல்லெறியதான்னு தெரியாம நிண்ணாவ.”

“பின்ன நீ எப்பிடி கோல் போட்ட?”

பெனின் வெட்கப்பட்டான். “பந்து வந்திச்சு சாரே. எடது பக்கத்துலேருந்து, இடுப்பு ஒசரத்துல, நல்ல அழகா. காலு கேக்கல்ல.”

“இவன் காலு கேக்கல்ல, ஊரு கொல்லப் பாத்துது,” என்றாள் வியாகுலம்மாள். “பள்ளிப் பூசையில சமாதானம் சொல்ல ஒருத்தன் கை நீட்டல்ல இவனுக்கு.”

ரசலையன் குறிப்பெடுத்துக்கொண்டு கிளம்பினார். வியாகுலம்மாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் உதவியாளர் வேலை. கால்பந்துக்கு, இந்த மாவட்டத்துக்கு, ஓர் இடம். வயது முப்பதுக்கு மேற்படக் கூடாது. ஜூலை பதினைந்து கடைசி நாள். லீக் செயலாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். ஆகஸ்டில் பெனினுக்கு முப்பது முடிகிறது.

“எட்டு தடவ போயாச்சு சாரே. கையெழுத்துப் போட மாட்டேங்காரு. நீங்க படிச்சவிய. ஒரு வார்த்த சொல்லுங்க. இவன் கரையில ஒரு வேலைக்குப் போயிட்டா நான் இந்தக் கடவத்த எறக்கி வச்சிருவேன்.”

மறுநாளே ரசலையன் பெனினை அழைத்துக்கொண்டு மாடியேறினார். ஜெபதாஸ் பெனினை எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார்.

“இவரு ரெண்டாம் பிரிவு வீரர் சாரே. நான் மூணாம் பிரிவுச் செயலாளர். மேல உள்ளவருக்குக் கீழ உள்ளவன் எப்பிடிச் சான்று கொடுப்பேன்? ரெண்டாம் பிரிவுச் செயலாளர்தான் கொடுக்கணும்.”

“அப்படி ஒருத்தர் இல்லையே!”

“இல்லாதவரோட அதிகாரத்துல நான் தலையிடக் கூடாதுல்லா?”

சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை என்று ரசலையனுக்குப் புரிந்தது. காகிதத்தைக் காகிதத்தால்தான் அடிக்க வேண்டும். விதிப்புத்தகத்தை மூன்று நாள் புரட்டினார். விதி முப்பத்தொன்று அகப்பட்டது: ஒரு பிரிவு முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டால், புதிய செயலாளர் தேர்வாகும்வரை மூன்றாம் பிரிவுச் செயலாளரே அதற்கும் செயலாளர். ஒரே ஒரு நாள் தொடங்கினால் போதும். ஜெபதாஸ் அதே நான்கு பேனாவில் ஒன்றை எடுத்து வேறு பதவியில் கையெழுத்துப் போடலாம்.

நேராகக் கேட்டால் தரமாட்டார்கள். எனவே தலைவர் கிருஷ்ணமணிக்கு ஒரு மனு எழுதினார். ஜூலை பதினான்காம் தேதி வரலாற்று நூல் வெளியீட்டின்போதே இரண்டாம் பிரிவையும் தொடங்கி வைத்தால், தங்கள் பெயர் நூலின் கடைசி அத்தியாயத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கப்படும், தவிரவும் புதிய பிரிவுக்குப் புதிதாக அறுபத்தொரு நிர்வாகிகளை நியமிக்கலாம். முப்பத்தொரு வருஷம் உண்மை எழுதிய கை அதை எழுதும்போது கூசத்தான் செய்தது. ஆட்டம் பற்றிய எந்தத் தீர்மானத்துக்கும் எட்டு மாதம் எடுக்கும் பொதுக்குழு அதை நான்கு நிமிஷத்தில் நிறைவேற்றியது.

“மக்கா, பதினோரு பேரையும் கூட்டிட்டு வா,” என்று பெனினிடம் சொன்னார் ரசலையன். “ஜெர்சி, பூட்ஸ், ஒண்ணும் விடக்கூடாது. நாளைக்கு ஒரு கொறை சொல்ல வழி வைக்கக் கூடாது.”

மற்ற எட்டு சாம்பியன் கிளப்புகளும் பதிலே போடவில்லை. அந்த ஆட்கள் கல்ஃபிலும் கேரளத்திலும் கலைந்து போயிருந்தார்கள். கொன்னைத்துறை மட்டும் வந்தது. ஒருத்தன் துபாயிலிருந்து லீவில் வந்தவன். ஒருத்தன் கொச்சி வள்ளத்திலிருந்து இறங்கி நேராக வந்தவன். கோல் கீப்பருக்கு இடுப்பில் பெல்ட். மூன்று வருஷமாக முகம் கொடுக்காத ஊர், பையன் பிழைப்பு என்றதும் ஜெர்சியைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தது. வியாகுலம்மாள் அன்றைய மீனை விலைக்கு விடாமல் வந்திருந்தாள்.

பத்து மணி விழா பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. பந்தலுக்குக் கீழே நிர்வாகிகள். வெயிலில், மைதானத்தின் நடுவில், வரிசையாகப் பதினோரு பேர். பொன்னாடை முப்பத்தெட்டு. தலைவர் துணைத்தலைவர்களுக்குப் போர்த்தினார், துணைத்தலைவர்கள் தலைவருக்குப் போர்த்தினார்கள், பிறகு இணைச்செயலாளர்கள் தங்களுக்குள் போர்த்திக்கொண்டார்கள். வரலாற்று நூல் வெளியிடப்பட்டது. அதில் ரசலையன் எழுதிய பகுதி நாற்பது பக்கம், நிர்வாகிகளின் படம் நூற்றிருபது பக்கம். பிறகு கிருஷ்ணமணி பேசினார்.

“அன்பார்ந்த பெரியோர்களே! பத்தாண்டுகளில் எத்தனையோ லீக்குகள் அழிந்தன. காரணம் என்ன? விளையாட்டு! ஆட்டக்காரன் அடிபடுவான். ரெஃபரியோடு சண்டை வரும். ஊருக்கும் ஊருக்கும் பகை வரும். நாம் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஆட்டம் நிர்வாகத்துக்கு இடைஞ்சலாக இருக்க நாம் ஒருநாளும் அனுமதித்ததில்லை! திறமையுள்ளவனை நாம் கீழே வைத்துக்கொள்வதில்லை. உடனே மேலே அனுப்பிவிடுகிறோம். இன்று நம்மிடம் இருப்பவர்கள் யார்? ஒருபோதும் நம்மை விட்டுப் போகாதவர்கள்!”

கைதட்டல் அடங்க நேரமானது. அதன்பின் பந்து வந்தது. வெற்றிலை, பழம், பூவோடு பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து இருவர் தூக்கி வந்தார்கள். இரண்டாம் பிரிவின் முதல் பந்தல்லவா, அதற்கும் பொன்னாடை போர்த்தச் சொன்னார் தலைவர். கடைசிப் பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார்கள். பந்து உருண்டையாக இருந்த காரணத்தால் அது வழுக்கி விழுந்தது. மறுபடி போர்த்தினார்கள். மறுபடி விழுந்தது. மரியாதைக் குறைவாகிவிடும் என்று பதறிய ஜெபதாஸ், வேட்டி மடிப்பிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துப் பொன்னாடையைப் பந்தோடு சேர்த்துக் குத்தினார்.

பந்து மெதுவாக இளைத்தது. மாற்றுப் பந்து கொண்டுவரச் சொன்னார்கள். மாற்றுப் பந்து என்று ஒன்று வாங்கும் தீர்மானம் நாலு வருஷமாக நிலுவையில் இருந்தது.

ரசலையன் நிம்மதியாகத்தான் இருந்தார். ஆடாவிட்டால் என்ன, தொடங்கியாயிற்று. பெனினின் படிவத்தை வாங்கிக்கொண்டு மேடையேறி ஜெபதாஸ் முன்னால் நீட்டினார். ஜெபதாஸ் பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார். அப்போது தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“ஒரு மகிழ்ச்சியான செய்தி! இரண்டாம் பிரிவின் ஒன்பது அணிகளில் எட்டு அணிகள் வரவில்லை. வந்த ஒரே அணி, முழு உடையோடு, பதினோரு பேரோடு வந்த அணி, கொன்னைத்துறை! விதிப்படி எட்டு ஆட்டங்களிலும் அவர்களே வென்றதாக அறிவிக்கிறேன். இரண்டாம் பிரிவின் முதல் பருவம் இத்துடன் இனிதே நிறைவுற்றது. கொன்னைத்துறை முதல் பிரிவுக்கு உயர்த்தப்படுகிறது!”

மணி ஒன்று பத்து. ஜெபதாஸ் பேனாவை மூடினார்.

“போட்டிருப்பேன் சாரே. ஒரு நிமிசம் பிந்திட்டீங்க. இனி இவரு மொதல் பிரிவு வீரராக்கும். ரெண்டாம் பிரிவுச் செயலாளர் கையெழுத்துப் போட்டா அவரக் கொறச்ச மாதிரி ஆவும்.”

“யோவ்!” என்று கத்திவிட்டார் ரசலையன். வாழ்நாளில் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “அப்ப மொதல் பிரிவையும் இப்பவே தொடங்குங்க! இந்த நிமிசம் தொடங்குங்க!”

கிருஷ்ணமணி யோசித்தார். நியாயமான மனிதர்தான். ஜெபதாஸைத் திரும்பிப் பார்த்தார். ஜெபதாஸ் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பொன்னாடை தீர்ந்து போயிருந்தது. பொன்னாடை இல்லாமல் ஒரு பிரிவை எப்படித் தொடங்குவது?

ரசலையன் படியிறங்கி வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அவர் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார். பதினோரு பேரையும் கூட்டிட்டு வா என்றது அவர்தான். ஆறு பேரோடு வந்திருந்தால் அணியே இல்லை, உயர்வும் இல்லை, இந்நேரம் கையெழுத்து ஆகியிருக்கும்.

விழா முடியவில்லை. கடைசி நிகழ்ச்சியாக, மூன்றாம் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து இருந்த ஒரே வீரரைப் பாராட்டினார்கள். திருவட்டாறு அணியின் மாற்றுக் கோல் கீப்பர் ஜெபிஷ். ஒன்பது வருஷமும் கடைசி இடத்தை விட்டுக்கொடுக்காத அணி அது. ஜெபிஷ் ஓர் ஆட்டத்திலும் இறங்கியதில்லை என்பதால் ஒரு கோலும் விட்டதில்லை. இருபத்தேழு வயது. செயலாளர் ஜெபதாஸின் மகன். “நிலைத்தன்மைக்கு எடுத்துக்காட்டு,” என்றார் தலைவர். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கேடயமும், ஜூலை பதினைந்தாம் தேதி கொடுக்க வேண்டிய அதே வேலைக்கான சான்றிதழும் மேடையிலேயே வழங்கப்பட்டன. கையெழுத்து ஏற்கனவே போடப்பட்டு, முத்திரையும் காய்ந்திருந்தது.

ரசலையனுக்குப் பத்து ஆண்டு வரலாறும் அப்போதுதான் ஒரே வரியில் விளங்கியது. அந்த ஒரு வரிதான் அவர் புத்தகத்தில் இல்லை.

விண்ணப்பத்தோடு இணைக்க ஜெபிஷ் பந்தோடு நிற்கிற படம் ஒன்று வேண்டுமாம். போட்டோக்காரர் அவனை மைதானத்தின் நடுவே நிறுத்தினார். சப்பிப்போன பந்தைக் காலடியில் போட்டார்கள். ஜெபிஷ் அதன்மேல் குதிகாலை வைத்தான். பந்து நழுவியது. பக்கவாட்டில் வைத்தான். பந்தின் குழிந்த பக்கம் கேமராவைப் பார்த்தது. நாலு முறை எடுத்தும் சரிவரவில்லை. அப்பா மேடையிலிருந்து, “ஏலே, நேர சவிட்டிட்டு நில்லுலே!” என்று கத்தினார்.

வெயிலில் இன்னும் வரிசை கலையாமல் நின்றவர்களில் பெனின் மட்டும் நகர்ந்தான். போய்க் குனிந்தான். பந்தைத் தூக்கி மண்ணைத் தட்டினான். குழிந்த பக்கத்தை அடியில் போட்டு, ஜெபிஷின் கணுக்காலைப் பிடித்து, முன்பாதத்தை எடுத்து அதன்மேல் பதமாக வைத்தான். முட்டியைக் கொஞ்சம் மடக்கச் சொன்னான்.

“ஏலே பெனினே, விடுலே!” வியாகுலம்மாள் கோட்டுக்கு வெளியேயிருந்து அலறினாள். “ஒனக்கு ரோசம் இல்லியா? அந்தச் சவத்துக்கு நீ எதுக்குலே காலப் பிடிச்சு விடுத?”

பெனின் குனிந்தபடியே சொன்னான். “பந்தத் தப்பா வச்சிருக்கான்ம்மா. பாத்துட்டு நிக்க முடியல்ல.”

வியாகுலம்மாள் மேடையைப் பார்த்துக் காறித் துப்பினாள். போட்டோக்காரர் பெனினைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரே முறை அமுக்கினார். படம் நன்றாக விழுந்தது. ஜெபிஷ் அசல் ஆட்டக்காரனைப் போலவே இருந்தான்.